சுண்டிக்குளம் வான் ட்ரிப்: பறவை பாக்கப் போய் மேப் பாத்த கதை

யாழ்ப்பாணத்தில இருந்து சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் ட்ரிப் கொண்டு போற பொடியள் இப்ப இருக்கினம், நாங்கள் போனது அதில ஒரு கூட்டத்தோட, குறையும் சொல்லப்போறதால பேர் போடேல்லை. ஆளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம், வான், பகல் சாப்பாடு, கைட் எல்லாம் சேத்து.

முதல் குறையைச் சொல்லிப்போட்டு விடுறன். வெள்ளண அஞ்சு மணிக்கு வெளிக்கிடுவம் எண்டினம், வான் வரேக்கை ஆறரை. பறவை பாக்கிற ட்ரிப்புக்கு அது சரியான பிழை, மருதங்கேணி தாண்டி கட்டைக்காட்டுப் பக்கம் போகேக்கையே வெயில் ஏறீட்டுது. சாப்பாடும் ஆறின புட்டும் சம்பலும்தான்.

ஆனா இடம் எண்டா இடம். ஆனையிறவுக் கடல்நீரேரியின்ர கிழக்கு அந்தம், ஒரு பக்கம் கனகராயன் ஆத்துத் தண்ணி வந்து விழுது, மற்றப் பக்கம் மணல் திட்டியை மழை உடைச்சா கடல் உள்ள வருது, அதால வருசம் முழுக்க உப்பு கூடிக் குறைஞ்சுகொண்டே இருக்கும். பூநாரை வாறதும் அதுக்குத்தான். ஒரு கூட்டம் கிட்டத்தில நிண்டுது, தலையைக் கவிட்டு அலகைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு காலால சேத்தைக் கிண்டிக் கிண்டி வடிச்சுத் தின்னுதுகள், பைனாகுலர் ரெண்டுதான் இருந்தது, வானில இருந்த எல்லாரும் அடிபட்டம்.

எனக்குக் காசு செமிச்சது உண்மையா கைட் தம்பியின்ர மேப்பில. லாமினேட் பண்ணின இலங்கை மேப், பாதுகாக்கப்பட்ட இடமெல்லாம் பச்சை. அதை வான் பொனட்டில விரிச்சு, நாட்டில நிலத்தில கிட்டத்தட்ட 30 வீதம் பாதுகாப்பில இருக்கு எண்டு பெருமையாச் சொன்னார். எங்களோட வந்த அன்ரி ஒராள் கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டு, "தம்பி, பச்சை முழுக்க ஏன் காஞ்ச பக்கத்திலேயே கிடக்கு?" எண்டு கேட்டா.

பெடியன் தடுமாறேல்லை. மலைநாட்டுக் காட்டைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெள்ளைக்காரன் அழிச்சிட்டான், தென்மேற்கு ஈரவலயத்தில சனம் நெருக்கம், அங்க சிங்கராஜா மாதிரி மிஞ்சினது துண்டு துண்டாத்தான் அன்ரி, உலர்வலயத்தில வெறுங்காணி கிடந்தது எண்டார். உலர்வலயத்து வில்பத்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஹெக்டேரைத் தொடுது, மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளி 3,160தான். மதுறு ஓயா 1983, வஸ்கமுவ 1984 ரெண்டும் மகாவலித் திட்டத்தோட உலர்வலயத்தில வந்த பூங்காக்கள். இந்த நாட்டுக்கே உரிய செடி கொடி, தவளை, ஓணான் கனக்க இருக்கிறது என்னவோ அந்த ஈரவலயத் துண்டுகளுக்குள்ளதான். 2022இல மொன்றியலில உலக நாடுகள் 2030க்குள்ள 30 வீதம் எண்டு ஒப்புக்கொள்ளேக்கை எல்லா வகைச் சூழலும் அதுக்குள்ள வரவேணும் எண்டும் சேத்துத்தான் எழுதினவை, எங்கட ஆக்கள் வீதத்தை மட்டும் சொல்லிக்கொண்டு திரியினம்.

எங்கட பக்கம் அதைவிட மோசம். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம், தேசியப் பூங்கா ஆக்க 2015 வரை எடுத்துது, நெடுந்தீவு, மடு றோட்டு, ஆதாம் பாலம் எல்லாம் அதே வருசம்தான். கடலைச் சொல்லவே வேணாம், இலங்கைக் கடற்பரப்பில ஒரு வீதம் கூட பாதுகாப்பில இல்லை, ஆவுளியா (கடற்பசு) மேயிற சாதாளைத் தரை கனக்க சும்மா கிடக்கு. மணற்காட்டு மணல்மேட்டுக்கும் தேசியப் பூங்கா எண்ட பேர் இல்லை, ஏத்துற ஆக்கள் மணலை ஏத்திக்கொண்டுதான் இருக்கினம்.

ஒரு விசயம் அந்தத் தம்பி வாயே திறக்கேல்லை. சுண்டிக்குளத்தில எல்லைக்கல்லு வந்த பிறகு அங்க தொழில் செய்யிற சனத்துக்கு இருக்கிற மனக்குறை. கரையில வலை பொத்திக்கொண்டிருந்த ஐயாவோட கதைச்சிருந்தா ட்ரிப் இன்னும் நல்லா இருந்திருக்கும், பூங்கா கீறினவையும் முதல் அவரிட்டக் கேட்டிருக்கலாம்.

மொத்தத்தில 5க்கு மூண்டரை. வெளிக்கிடுற நேரத்துக்கும் புட்டுக்கும்தான் அந்த ஒண்டரை வெட்டு. தை, மாசியில போங்கோ, தொப்பியும் சொந்த பைனாகுலரும் கொண்டு போங்கோ, மாரியில அந்த ரோட்டில சின்னக் கார் விடவே வேணாம். உவை சரசாலைக் குருவிக்காட்டையும் மணற்காட்டையும் சேத்து ஒரு ட்ரிப் போட்டா நான் திரும்பவும் காசு கட்டுவன், விடிய அஞ்சு மணி எண்டா அஞ்சு மணிக்கு வரவேணும்.