பால் பைத்தான் கூண்டுக்குச் சூடு: நான்கு மார்கழிகளின் அனுபவம்

கோவைக்கு மேற்கே, வடவள்ளி தாண்டி மருதமலை அடிவாரத்தில் எங்கள் வீடு. மார்கழியில் விடியற்காலை நான்கு மணிக்கு மாடி அறை 19 டிகிரி வரை இறங்கிவிடும். எனக்கு ஒரு போர்வை போதும். அதே அறையில் கூண்டுக்குள் இருக்கும் கருப்பட்டிக்கு அது போதாது. கருப்பட்டி ஒரு பால் பைத்தான் (ball python), பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு வகை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் இனம். செரிமானத்துக்குக்கூட வெளியிலிருந்துதான் சூடு வரவேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் ஊர்ப் பாம்பு எதையும் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம்தான் என்றாலும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

முதல் வருடம் கண்ணாடித் தொட்டி. கடையில் கொடுத்த ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பை)த் தொட்டிக்கு அடியில் ஒரு பக்கமாக ஒட்டி, நேராக பிளக்கில் செருகினேன். உள்ளே கண்ணாடியில் பாதி உயரத்தில் ஒட்டிய வட்ட முள் தெர்மாமீட்டர் 30 காட்டியது. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பினேன். மார்கழி நடுவில் ஒரு எலி கொடுத்தேன். மூன்றாம் நாள் அதை அப்படியே கக்கிவிட்டது.

கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் பாம்பைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி: “மீட்டரை எங்கே ஒட்டியிருக்கீங்க? தரையில எவ்வளவு சூடு?” என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்து அளந்தேன். ஹீட் மேட்டுக்கு மேலே இருந்த தரை 46 டிகிரி. எதிர்ப்பக்கம் 20. பாம்பு ஒரு பக்கம் போனால் வெந்துவிடும், மறுபக்கம் போனால் விறைத்துவிடும். நடுவில் காற்றில் தொங்கிய மீட்டர் மட்டும் நிம்மதியாக 30 என்று சொல்லிக்கொண்டிருந்தது. சூட்டுத் தரையில் பாம்பு தானாக விலகிவிடும் என்று நினைக்காதீர்கள். வயிற்றுப்பக்கம் சுடுவதை உணராமல் அங்கேயே படுத்துப் புண்ணாகும் பாம்புகள் நிறைய.

இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் விட்டு, அப்புறம் ஒரு சின்ன சுண்டெலியில் தொடங்கினேன். அந்த இரண்டு வாரமும் அமுச்சி (என் பாட்டி) தினமும் மாடிக்கு ஏறி வந்து பார்த்தார்கள். “அதுக்குக் குளுருதோ என்னமோ கண்ணு, ஒரு சாக்கைப் போட்டு மூடேன்” என்றார்கள். தானாகச் சூடு உண்டாக்காத உடம்பைச் சாக்கு மூடினால் சூடேறாது. ஆனால் தொட்டிக்குள் இருக்கும் சூடு கண்ணாடி வழியாக ஓடிப்போவதை அது தடுக்கும். மூன்று பக்கமும் வெளியே தெர்மோகோல் ஒட்டினேன். அன்றிரவே குளிர்ப்பக்கம் இரண்டு டிகிரி ஏறியது. அமுச்சி சொன்னதில் விஷயம் இருந்தது.

நான் இப்போது பிடித்து வைத்திருக்கும் அளவுகள் இவை: சூட்டுப்பக்கத் தரை 31 முதல் 32, குளிர்ப்பக்கம் 25 முதல் 27, இரவில் எங்கேயும் 24க்குக் கீழே போகக்கூடாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம். ஒரே ஒரு மறைவிடம் வைத்தால், பாதுகாப்பா சூடா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது பாதுகாப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் தேடியபோது பல்லடத்தில் கோழிப் பண்ணைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையில் சொன்னார்கள், “இன்குபேட்டருக்குப் போடறதுதானுங்க, பாம்புக்கும் அதேதான்”. சில நூறு ரூபாய். உண்மையில் வேலை ஒன்றுதான்: 32 வந்தால் அணை, 31 ஆனால் போடு. ஹீட் மேட்டுக்கும், வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர் பல்புக்கும் இந்த வகை போதும். வெளிச்சம் தரும் பல்பை மட்டும் இதில் மாட்டாதீர்கள். விட்டுவிட்டு எரிந்து பாம்பையும் கலவரப்படுத்தும், பல்பும் சீக்கிரம் போய்விடும். அதற்கு மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை தெர்மோஸ்டாட் வேண்டும்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது சென்சார் முனையை வைக்கும் இடத்தில்தான். தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது அந்த முனை தொட்டுக்கொண்டிருக்கும் இடம் மட்டும். முதலில் அதைத் தேங்காய் நார்த் தூளின் மேல் வைத்தேன். பொள்ளாச்சிப் பக்கம் நல்ல நார்த் தூளும் மட்டைச் சில்லும் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று அங்குலம் நிரப்பியிருந்தேன். நார்த் தூள் சூட்டை மேலே விடவில்லை. மேலே 29தான், அதனால் மேட் அணையவே இல்லை. தோண்டிப் பார்த்தால் அடிக் கண்ணாடி 43. பால் பைத்தானுக்கோ நோண்டிக்கொண்டு அடியில் போய்ப் படுப்பது பிடிக்கும். அன்றே சூட்டுப்பக்கம் நார்த் தூளை ஒரு விரல் கனத்துக்குக் குறைத்தேன். சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாற்றினேன். அங்கே 34 வைத்தால் மேலே 32 கிடைக்கிறது. இந்த வித்தியாசம் ஒவ்வொரு தொட்டிக்கும் வேறாக இருக்கும். அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கூண்டுக்குள் சென்சார் வைப்பவர்கள் வெறும் டேப்பை நம்பாதீர்கள். கருப்பட்டி ஒருமுறை ஒயரை இழுத்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டுவிட்டது. தண்ணீரின் 25ஐப் பார்த்து ஹீட்டர் விடாமல் எரிந்தது. பாம்பு டேப்பில் ஒட்டிக்கொண்டால் தோலும் கிழியும். இப்போது சின்ன ஒயர் கிளிப்பை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறேன்.

அளக்கும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அது நெற்றிச் சூட்டிலிருந்து உடல் சூட்டைக் கணக்குப் போட்டுக் காட்டுவது. இன்ஃப்ராரெட் எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அடித்தால் கண்ணாடியின் சூடுதான் வரும், கதவைத் திறந்து அளக்கவேண்டும். புது சென்சார் வாங்கினால் இரண்டு சோதனை செய்கிறேன். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 காட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் சேர்த்துப் பிடித்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நமக்குத் தேவையான அளவுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டாவது சோதனைதான் முக்கியம். நான் வாங்கிய மூன்றில் ஒன்று 2 டிகிரி கூடுதலாகக் காட்டியது.

இரண்டாம் வருடம் நான்கடி நீளத்தில் பிளைவுட் கூண்டு செய்தோம். முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு. மேலே கம்பி வலைக்குள் செராமிக் ஹீட்டர். ஒரு தை மாதச் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கருப்பட்டி குளிர்ப்பக்க மூலையில், தண்ணீர்ச் சட்டியை ஒட்டி நீண்டு கிடந்தது. சுருண்டு கிடக்கும் பாம்பு அப்படிக் கிடந்ததும் எனக்குப் பகீரென்றது. தெர்மோஸ்டாட் 39 காட்டியது. ‘ஆஃப்’ விளக்கு எரிந்தது, ஹீட்டரும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிப்போயிருந்தன. கூண்டு நான்கடி நீளமாக இருந்ததால்தான், ஒதுங்க ஒரு குளிர்ந்த மூலை இருந்ததால்தான் அது பிழைத்தது. பழைய தொட்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதிலிருந்து இரண்டு தெர்மோஸ்டாட். முதலாவது 32இல் அணைக்கும். அதற்கு முன்னால் வரிசையில் மாட்டிய இரண்டாவது, தனி சென்சாரோடு, 35இல் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும். எலக்ட்ரீசியனை வைத்தே இணைத்தேன். பாம்பு வளர்க்கும் யாரிடமும் நான் அழுத்திச் சொல்வது இந்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டைத்தான். மருத்துவச் செலவில் கால்வாசிகூட வராது.

சித்திரையில் பிரச்சினை தலைகீழ். மாடி அறையின் காங்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கக்கும். ஹீட்டர் ஒரு நிமிடம்கூட எரியாமலே கூண்டு முழுக்க 34. எந்த ஹீட்டரும் இதைச் சரிசெய்யாது. பங்குனி கடைசியில் கூண்டைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, பெரிய மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு அடிக்கும்போது மேற்கு ஜன்னலைச் சாத்தினால் போதும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட் நிறுத்தினால் திரும்ப மதியம் தாண்டிவிடும். பிளைவுட் கூண்டு அதைத் தாங்குகிறது, ஒரு டிகிரி இரண்டு டிகிரிதான் இறங்கும். மழைக்கால ராத்திரிக்கென்று இன்வெர்ட்டரில் ஹீட் மேட்டை மட்டும் இணைத்திருக்கிறேன். செராமிக் அதிகம் இழுக்கும்.

குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் மீட்டர் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது. காலையில் அமுச்சி முதல் ஆளாகப் போய் ராத்திரி எவ்வளவு இறங்கியது என்று பார்த்துக் காலண்டரில் எழுதிவிடுகிறார்கள். போன மார்கழியில் மிகக் குறைந்தது 24.6. அந்த மாதம் கொடுத்த எலிகள் எல்லாமே செரித்தன. இன்னும் பிடிபடாதது ஈரப்பதம்தான். 60 சதவீதம் வேண்டும். செராமிக் எரியும் மாதங்களில் காற்று காய்ந்து 45க்கு வந்துவிடுகிறது. அடுத்த மார்கழிக்குள் சூட்டுப்பக்க மறைவிடத்தில் ஈரப் பாசி வைத்துப் பார்க்கப் போகிறேன்.