ஒக்டோபர்ஃபெஸ்ட்: சனிக்கு இரண்டு, ஞாயிறுக்கு நாலரை

லீவுக்கு ஊருக்கு, அதாவது நாங்கள் திருமலை என்று சொல்லும் இலங்கைத் திருகோணமலைக்கு, வந்ததில் இருந்து ஒரே கேள்விதான். பின்னேரம் டச்சுபே கடற்கரைப் பக்கம் யாரைக் கண்டாலும் "மச்சான், அந்த பியர்த் திருவிழாவுக்குப் போனியாமே, எப்பிடி?" என்கிறார்கள், படத்தைக் காட்டினால் உடனே "எவ்வளவு முடிஞ்சது?" என்று அடுத்தது வருகிறது. அடுத்த வருஷம் ஜேர்மனிக்குப் படிக்கப் போகிற தம்பிமாரும் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே விடுகிறேன். முதலிலேயே மதிப்பெண்: மியூனிச் ஒக்டோபர்ஃபெஸ்ட், சனிக்கிழமை, பெரிய கூடாரம், ஐந்துக்கு இரண்டு. அதே திருவிழா, ஞாயிறு காலை, மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பகுதி, ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஏன் குறைந்தது என்றால் சாப்பாடு, அதற்குப் பிறகு வருகிறேன்.

போனது ஐந்து பேர், எல்லாரும் திருமலை மாவட்டம், ஆனால் ஜேர்மனியில் ஆளுக்கொரு நகரத்தில் படிக்கிறோம். உவர்மலை, பாலையூற்று, கிண்ணியா, நிலாவெளி, பிறகு நான். கிண்ணியாக்காரன் குடிக்க மாட்டான், பாலையூற்றுக்காரி மரக்கறி மட்டும். இந்தக் கூட்டணியோடு போனது நல்லதாகப் போய்விட்டது, ஏனென்றால் குடிக்காதவர்களுக்கும் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. மியூனிச்சில் அந்த இரண்டு கிழமையும் ஹொஸ்டல் கட்டில் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். நாங்கள் தங்கியது அவுக்ஸ்பூர்க்கில், அங்கிருந்து மியூனிச்சுக்குப் பிராந்திய ரயிலில் முக்கால் மணித்தியாலம் அளவில்தான், டொய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்தப் பயணச்சீட்டு வைத்திருக்கும் மாணவருக்கு அந்தப் பயணத்துக்குத் தனியாகக் காசே இல்லை. ரயில் முழுக்கத் தோல் அரைக்காற்சட்டையும் கட்டம் போட்ட சேர்ட்டும்தான், காலை பத்து மணிக்கே போத்தில் திறக்கிற சத்தம்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், மைதானத்துக்குள் போக டிக்கெட் கிடையாது. உள்ளே பெரிய கூடாரங்கள் மட்டும் 14, சின்னது அதைவிட அதிகம். கூடாரம் என்று சொன்னாலும் நம் ஊர்க் கல்யாணப் பந்தலை நினைக்க வேண்டாம், ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கக்கூடிய மரமும் இரும்பும் சேர்த்த மண்டபங்கள், ஒவ்வொரு வருஷமும் கட்டிப் பிறகு பிரித்துவிடுகிறார்கள். பியர் ஊற்ற அனுமதி மியூனிச்சைச் சேர்ந்த ஆறு பியர் ஆலைகளுக்கு மட்டும். அளவும் ஒன்றுதான், மாஸ் என்று சொல்லும் ஒரு லீற்றர்க் கண்ணாடிக் குவளை. அரை லீற்றர் தாங்கோ என்று கேட்டால் பரிமாறும் அக்கா சிரிப்பார். 2025 இல் ஒரு மாஸ் 14.50 இல் இருந்து 15.80 யூரோ வரை, நம் காசில் ஐயாயிரம் ரூபாவுக்கு மேல். நம் ஊர் லயன் லாகர் பியரில் மது 4.8 வீதம், இதில் ஏறக்குறைய 6 வீதம், அதுவும் ஒரு லீற்றர். ஊரில் நாலு போத்தில் அடிச்சவன் நான் என்கிற கதை அங்கே இரண்டாவது மாஸோடு முடிந்துவிடும், நிலாவெளிக்காரனைக் கேளுங்கள்.

இந்தத் திருவிழா எப்படி வந்தது என்பதும் ஒரு கல்யாணக் கதை. 1810 ஒக்டோபரில் பவேரிய இளவரசர் லுட்விக் தெரேசாவை மணந்தபோது நகரத்துக்கு வெளியே புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். மணமகளின் பெயரே மைதானத்துக்கு நிலைத்தது, தெரேசியன்வீசே. குளிர் காரணமாகப் பிறகு தொடக்கத்தைச் செப்டெம்பருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம், பந்திக்கு மட்டும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது, 2023 இல் 72 இலட்சம் பேர். கொரோனாவுக்காக 2020, 2021 இரண்டு வருஷமும் நடக்கவில்லை.

சரி, சனிக்கிழமை. கூட்டம் என்றால் கோணேசர் தேர் அன்று கோட்டை வாசலில் நிற்கிற கூட்டம், அதில் பாதிப் பேருக்கு வெறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் புதிதாகப் போகிறவர்கள் மாட்டுப்படுவது: கூடாரத்துக்குள் இருக்கை இல்லாவிட்டால் பியர் தரமாட்டார்கள். நின்றுகொண்டு வாங்க முடியாது. இருக்கைக்கு முன்பதிவு என்றால் பத்துப் பேர் மேசையாக, ஆளுக்கு இரண்டு மாஸ், அரைக் கோழி என்று முன்கூட்டியே காசு கட்ட வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் முன்னால். மாணவருக்கு அது சரிவராது. வார இறுதியில் ஒரு பகுதி மேசைகளை முன்பதிவு இல்லாதவர்களுக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த மேசைகளுக்குத்தான் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்க முதலே ஆட்கள் வந்து நிற்கிறார்கள், கதவு திறந்ததும் ஓட்டப் பந்தயம். மத்தியானம் போனால் "நிரம்பிவிட்டது, மூடியாச்சு" என்ற பலகைதான். நாங்கள் கூடாரத்துக்கு வெளியே இருக்கும் தோட்டத்தில் ஒரு நீள வாங்கின் நுனியில் ஒட்டிக்கொண்டோம், பின்னேரம் ஏழு மணியளவில்தான் உள்ளே இடம் கிடைத்தது. 2025 செப்டெம்பர் 27 சனிக்கிழமை கூட்டம் மிஞ்சி மைதானத்தையே கொஞ்ச நேரம் பூட்டினார்கள் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

உள்ளே போன பிறகு என்ன? உண்மையைச் சொன்னால் முதல் அரை மணித்தியாலம் புல்லரிக்கிறது. ஆயிரக்கணக்கான ஆட்கள் வாங்கில் ஏறி நின்று ஒரே பாட்டைக் கத்துகிறார்கள், பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாத்தியக் குழு குவளை உயர்த்தும் பாட்டை வாசிக்க முன்பின் தெரியாதவன் எல்லாம் நம் குவளையில் இடிக்கிறான். (வாங்கில் ஏறலாம், மேசையில் ஏறினால் காவலாளி வெளியே தூக்கிவிடுவான்.) மாலை ஆறு மணி வரை பித்தளை வாத்தியம் மட்டும், சத்தம் 85 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், வயதானவர்களும் குடும்பங்களும் வரட்டும் என்று 2005 இல் கொண்டுவந்த ஏற்பாடு. ஆறுக்குப் பிறகு ஸ்பீக்கர்தான். ஒரு மணித்தியாலம் போனதும் அதே பாட்டு, அதே கத்தல், பக்கத்தில் பேசுவது காதில் விழாது, மலசலகூடத்துக்குப் போனவன் திரும்பி வர அரை மணித்தியாலம், வரும்போது அவன் இடத்தில் வேறு யாரோ. பரிமாறும் அக்காமாரை மட்டும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். நிறைந்த ஒரு குவளை இரண்டு கிலோவுக்கு மேல், அப்படிப் பத்துக் குவளையை இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்து அந்த நெரிசலுக்குள் சிந்தாமல் வருகிறார்கள். கொண்டுவந்து வைத்த உடனே காசு கொடுத்துவிட வேண்டும், கையில் நோட்டாக இருந்தால் நல்லது, மேலே ஒன்றோ ரெண்டோ யூரோ விட்டால் அடுத்த முறை நம் மேசையை மறக்க மாட்டார்கள். பெரிய கூடாரத்துக்குக் கொடுத்த அந்த இரண்டு மதிப்பெண்ணும் அவர்களுக்குத்தான்.

இப்போது சாப்பாடு. வழமையான ஐட்டம் அரைக் கோழி, வெண்ணெயும் உப்பும் பார்ஸ்லி இலையும் வைத்துச் சுழற்றிச் சுட்டது, தோல் மொறுமொறுவென்று இருக்கும், விலை பதினைந்து இருபது யூரோ. நல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் காரம் என்ற சாமானே இல்லை, உவர்மலைக்காரன் பொக்கற்றில் இருந்து செத்தல் மிளகாய்த்தூள் சரையை எடுத்ததும் பக்கத்து மேசை ஜேர்மன்காரனும் கை நீட்டினான், நீட்டியதற்குப் பிறகு அவன் குடித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கூடாரத்தில் முழு மாட்டைச் சூலத்தில் குத்திச் சுடுகிறார்கள், அன்றைக்குச் சுடுகிற மாட்டின் பெயரையும் பலகையில் எழுதி வைக்கிறார்கள். பாலையூற்றுக்காரி அந்தப் பலகையை வாசித்துவிட்டுப் பேசாமல் திரும்பி நடந்துவிட்டாள். அவளுக்குக் கிடைத்தது கேஸ்ஷ்பெட்ஸ்லே, மாவைத் துண்டு துண்டாக வேகவைத்துச் சீஸும் பொரித்த வெங்காயமும் போட்டது, வயிறு நிறையும், நாலு வாய்க்கு மேல் திகட்டும். கிண்ணியாக்காரனுக்கு ஹலால் கோழி கிடைக்கவில்லை. அவனைக் காப்பாற்றியது ஸ்டெக்கர்ல்ஃபிஷ்: முழு மக்கரல் மீனைக் குச்சியில் குத்தித் தணலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துச் சுடுவது. மீன் விஷயத்தில் திருமலைக்காரனைத் திருப்திப்படுத்துவது லேசில்லை, ஆனால் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். கவனிக்க வேண்டிய இரண்டு: பிரெட்செல் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்த்துச் செய்வார்கள், கேட்டு வாங்குங்கள். கைசர்ஷ்மாரன் என்று பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம் ஒன்று இருக்கிறது, அதில் போடும் முந்திரிகை வற்றலைச் சிலர் ரம்மில் ஊறவைப்பார்கள். குடிப்பதற்கு அப்பிள் சாற்றில் சோடா கலந்தது, கோலாவும் ஒரேஞ்சும் கலந்தது, மது இல்லாத பியர் எல்லாம் உண்டு, விலைதான் தண்ணீருக்கும் ஈரல் நோகும்.

சனி இரவு வெளியேறும்போது பிரதான வாசலில் ஒரு நினைவுச்சின்னம் பார்த்தோம். 1980 செப்டெம்பர் 26 இரவு தீவிர வலதுசாரி ஒருவன் அந்த இடத்தில் குண்டு வைத்ததில் 12 பேர் கொல்லப்பட்டார்கள், அவனும் செத்தான், காயப்பட்டவர்கள் இருநூறுக்கு மேல். கூட்டம் பாட்டோடு அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. 2006 ஜனவரி 2 இல் நம் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் எங்கள் வயதுதான் என்று நிலாவெளிக்காரன் சொன்னான். ரயில் வரும்வரை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஞாயிறு காலை ஓய்டெ வீஸன். திருவிழாவின் இருநூறாம் ஆண்டுக்காக 2010 இல் தொடங்கிய பழைய காலப் பகுதி, இதற்கு மட்டும் 4 யூரோ நுழைவுக் கட்டணம். அந்த நாலு யூரோதான் வெறிகாரரை வெளியே நிறுத்தி வைக்கிறது என்பது என் அபிப்பிராயம். இருக்கை கிடைத்தது, பியர் கண்ணாடியில் இல்லாமல் சாம்பல் நிறக் கல்குவளையில் வந்தது, குளிர் கலையாமல் இருந்தது. பழைய குடைராட்டினங்கள், நாட்டார் நடனம், தாத்தா பாட்டி பேரப்பிள்ளை என்று முழுக் குடும்பமாக மேசையில் இருக்கிறார்கள். எங்கள் மேசைக்கு வந்த ஒரு பாட்டி இலங்கை என்றதும் "ஆ, ஆயுர்வேதம்!" என்றார், ஜேர்மன்காரருக்கு நாம் எல்லாரும் எண்ணெய் தேய்க்கிறவர்கள். திருகோணமலை என்று அவரைச் சொல்ல வைக்கக் கால் மணித்தியாலம் போராடினோம், கடைசியில் அவர் பேரன்தான் சரியாகச் சொன்னான். முதல் நாள் ஆறு மணித்தியாலத்தில் கிடைக்காத பம்பல் இங்கே ஒரு மணித்தியாலத்தில் கிடைத்தது.

கடைசி ஞாயிறு மத்தியானம் 12 மணிக்கு மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பவேரியா சிலைக்குக் கீழே படிக்கட்டில் வரிசையாக நின்று கைத்துப்பாக்கி வெடி போடுவார்கள், வெறும் வெடிமருந்துதான், முன்பே சொல்லிவைக்கிறேன், தெரியாமல் நின்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெஞ்சு திடுக்கிடும். அந்தச் சிலை 18 மீற்றருக்கு மேல், முழுக்க வெண்கலம், உள்ளே படி ஏறித் தலை வரை போய்ப் பார்க்கலாம். பிறகு டொய்ஃபெல்ஸ்ராட், 1910 இல் இருந்து அங்கே இருக்கும் சுழல் தட்டு. நடுவில் ஆட்களை இருத்திச் சுழற்றி, கயிறு வீசி, பந்தால் அடித்து ஒவ்வொருவராக விழுத்துவார்கள், அறிவிப்பாளர் விழுகிறவனைப் பவேரியப் பேச்சில் கிழிகிழியென்று கிழிப்பார். கிண்ணியாக்காரன் கடைசி மூன்று பேருக்குள் நின்றான். குடிக்காதவனுக்குச் சமநிலை கூட, வேறு என்ன.

போகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். மூன்று லீற்றருக்கு மேற்பட்ட பை உள்ளே விடமாட்டார்கள், முதுகுப்பையை ரயில் நிலையத்திலோ வாசலிலோ காசு கொடுத்து வைக்க வேண்டும். தெரேசியன்வீசே நிலக்கீழ் நிலையத்தில் இறங்கினால் நசுங்குவீர்கள், பிரதான ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம், கால் மணித்தியாலம். தோல் காற்சட்டை கட்டாயமில்லை, உவர்மலைக்காரன் வேட்டியில் வந்தான், உள்ளே குளிருக்கு நீளக் காற்சட்டை, அவனோடு படம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. குவளையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வர நினைக்க வேண்டாம், வாசலில் பிடிப்பார்கள், வருஷத்துக்கு ஓர் இலட்சம் அளவில் அப்படித் திரும்ப எடுக்கிறார்கள். கடையில் வாங்குங்கள், வெறுங்குவளையே ஒரு கிலோவுக்கு மேல் என்பதை விமானப் பெட்டி நிறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2026 இல் செப்டெம்பர் 19 முதல் ஒக்டோபர் 4 வரை. பழைய பகுதி எல்லா வருஷமும் இருக்காது, நாலு வருஷத்துக்கு ஒருமுறை அந்த இடத்தில் விவசாயக் கண்காட்சி வரும், 2024 இல் அதனால் இருக்கவில்லை, போக முதல் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் ராட்டினங்களுக்கு விலை குறைவு. எனக்கு அடுத்த செமஸ்டர் தொடங்குவது ஒக்டோபர் நடுப்பகுதியில், அதனால் சனிக்கிழமைப் பக்கமே தலை வைக்காமல் ஒரு செவ்வாய்க்குப் போவதாக இருக்கிறேன், உவர்மலைக்காரனும் வருகிறானாம், மிளகாய்த்தூள் அவன் பொறுப்பு.