பனை வேறு, தென்னை வேறு: கற்பனை நாட்டு வரைபடத்துக்கு இங்க்ஸ்கேப்

கற்பனை நாட்டுக்கு நிலவரைபடம் வரைய ஆயத்தக் கருவிகள் இன்று பல உண்டு. கோட்டையும் பனிமலையும் ஊசியிலைக் காடும் கேட்டவுடன் வந்து விழுகின்றன. கேரள எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் கதை எழுத வரும் பிள்ளைகளுக்கு அவை உதவுவதில்லை. அவர்கள் கட்டும் நாட்டில் பனந்தோப்பு இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, காற்று சீறும் கணவாய் இருக்கிறது. தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடியைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், அரக்கர் நாட்டு எல்லையிலும் ஒரு சாவடி வைத்துவிடுகிறார்கள். இவற்றுக்கான குறியீடுகளை நாமேதான் வரைய வேண்டும். அதற்கு, படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பை விடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

2003இல் தொடங்கிய இந்தத் திட்டம் இன்றும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேரளப் பள்ளிகளின் ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) பாடத்தில் இடம்பெற்றிருந்ததால் பெரிய பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே பழக்கம்.

குறியீட்டுக்கு முதல் சோதனை, ஐந்து மில்லிமீட்டர் அளவில் அது அடையாளம் தெரிகிறதா என்பது. பனைக்கு நேரான தண்டும் உருண்ட விசிறித் தலையும் போதும். தென்னைக்கு வளைந்த தண்டு, கீழே தொங்கும் மட்டைகள். ஓலைக் கீற்றுகளை ஒவ்வொன்றாக வரைந்தால் அச்சில் இரண்டுமே கறுப்புப் பொட்டாகிவிடும். அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தலப்படங்களில் (நிலத்தின் விவரங்களைக் காட்டும் வரைபடங்களில்) பனைக்கு ஒரு குறி, பிற பனையின மரங்களுக்கு வேறொரு குறி. கற்பனை வரைபடம் வரைபவர்கள் அந்தத் தாளின் அடியிலுள்ள குறிகளை ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. எங்கள் வரைபடங்கள் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கைமாறுகின்றன. நீர் நிறைந்த ஏரிக்கும் வற்றிய ஏரிக்கும் கோட்டிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். ஒன்றுக்கு முழுக்கோடு, மற்றதற்கு விட்டுவிட்டுப் போகும் கோடு.

இங்க்ஸ்கேப்பில் எனக்கு மிகப் பிடித்தது குளோன், அதாவது மூலத்தோடு சேர்ந்தே மாறும் நகல் எடுக்கும் வசதி. மூலப் பனை ஒன்றை வரைந்து தனி அடுக்கில் வைத்துவிட்டு, ஆல்ட், டி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதன் குளோன் கிடைக்கிறது. வரைபடத்திலுள்ள பனைகளும் குறிவிளக்கப் பெட்டியிலுள்ள பனையும் அந்த ஒரே மூலத்தின் குளோன்கள். மூலத்தின் தண்டைத் தடிப்பாக்கினால் எல்லாம் சேர்ந்து தடிக்கின்றன. படத்தில் ஒன்று, பெட்டியில் வேறொன்று என்ற குழப்பத்துக்கே இடமில்லை. வாசகர் வழிதவறுவது பெரும்பாலும் அந்தக் குழப்பத்தில்தான். பெட்டியில் குறியைப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை; படத்தில் எந்த அளவோ அதே அளவில்தான் கண் தேடும். தோப்புகளுக்கு ஸ்ப்ரே கருவி குளோன்களை அள்ளித் தெளிக்கிறது.

பெட்டியில் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம். கடலையும் ஆற்றையும் பெயரெழுதியே காட்டிவிடலாம். ஊர் பெரிதா சிறிதா என்பதைச் சொல்லும் புள்ளி, வட்டம், புள்ளியிட்ட வட்டம், ஆற்றைக் கடக்கும் துறை, சாவடி போன்றவற்றுக்குத்தான் விளக்கம் தேவை. நீர், வழி, ஊர், மரம் என்று இனவாரியாக அடுக்கினால் தேடுவது எளிது.

தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக விழுகின்றன. கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. எழுத்துக்குப் பின்னால் வெள்ளை விளிம்பு கொடுத்தால், மலைக்கோடுகளின் மேலும் பெயர் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் இது வரைபடத்துக்கென்றே செய்த மென்பொருள் அல்ல. கடற்கரையைத் தானே உருவாக்கித் தராது. ஒவ்வொரு வளைவும் உங்கள் கைவேலை. அவசரமாக ஒரு கண்டம் வேண்டுமென்றால் வேறு கருவியைத் தேடுங்கள். பெரிய தோப்புகளால் கோப்பு கனக்கும், பழைய கணினியில் திரை மெதுவாகும். மர அடுக்கை மறைத்து வைத்துக்கொண்டு மற்ற வேலைகளை முடித்து, அச்சுக்கு அனுப்பும்போது மட்டும் அதைத் திறந்தால் போதும்.