மணலி ஷெட்டுக்கு எந்தத் தலைமைக் கோட்பாடு சரிப்படும்?

வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் (இரும்பை வெட்டி, வெல்டிங் செய்து பைப், டேங்க் மாதிரி சாமான் செய்கிற இடம்) சூபர்வைசராக இருக்கிற பசங்க நிறையப் பேர் கரஸ்ஸில் எம்.பி.ஏ. படிக்கிறார்கள். அதில் தலைமை பற்றி ஒரு பாடம் வரும். ஏழெட்டுப் பெயர், ஏழெட்டு ஆண்டு, எல்லாமே சரி என்கிற மாதிரி வரிசையாக. பரீட்சைக்கு அது போதும். ஆனால் காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆட்கள் முன்னால் நிற்கும்போது இதில் எதை எடுப்பது என்று அந்தப் பாடம் சொல்லாது. ஒவ்வொரு கோட்பாட்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: வேலை நடக்கணும் என்றால் யார் மாறணும்? பதில்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பழைய கோட்பாடு, தலைவன் பிறக்கிறான் என்பது. 1840-இல் தாமஸ் கார்லைல் லண்டனில் பேசிய மகாபுருஷர்கள் கதை. யாரும் மாற வேண்டாம், ஆளைக் கண்டுபிடித்தால் போதும். 1948-இல் ஸ்டாக்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, ஓரிடத்தில் தலைவனாக இருப்பவன் இன்னோரிடத்தில் அப்படி இருப்பான் என்று சொல்ல முடியாது என்றார். ஆனாலும் இன்டர்வியூக்களில் இன்றைக்கும் குரல் கனமானவனுக்கே வேலை கிடைக்கிறது, அது வேற கதை.

அடுத்தது உளவியலாளர் லெவின். 1939-இல் அவரும் லிப்பிட், ஒயிட் இருவரும் அமெரிக்காவின் அயோவாவில் 10, 11 வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது மாதிரி கைவேலை கொடுத்தார்கள். அதட்டி வேலை வாங்குகிற தலைவர், கலந்து பேசுகிற தலைவர், எக்கேடோ கெடுங்கள் என்று விட்டுவிடுகிற தலைவர். அதட்டுகிறவர் இருக்கும்வரை வேலை ஓடியது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசியவர் போன பிறகும் பையன்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். இதைச் சோதிக்க அயோவா போக வேண்டியதில்லை. சூபர்வைசர் கேட் பாஸ் வாங்கப் போன அரை மணி நேரத்தில் கிரைண்டர் சத்தம் நிற்கிறதா என்று கேட்டாலே அவர் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு ஜனநாயகம்தான் சிறந்தது என்று எழுதுபவர்கள் ஷட்டவுன் வேலையை, அதாவது பிளான்ட்டை நிறுத்திவைத்துச் செய்கிற ரிப்பேரைப் பார்க்காதவர்கள். ரிஃபைனரி உள்ளே ஒரு வெசலுக்குள் (மூடிய பெரிய கலம்) இறங்கி வெல்டிங் செய்யணும் என்றால் கேஸ் டெஸ்ட் எடுக்கணும், ஹாட் வொர்க் பர்மிட்டில் (நெருப்புப் பொறி பறக்கிற வேலைக்கான அனுமதிச் சீட்டு) கையெழுத்து விழணும், மேன்ஹோல் வாசலில் ஒருத்தர் நிற்கணும். அங்கே யாருடைய கருத்தையும் கேட்கக் கூடாது. "ண்ணா, அஞ்சு நிமிஷ வேலைதாண்ணா, எறங்கிட்டு வந்துட்றேன்" என்று பையன் கெஞ்சினாலும் முடியாது என்றால் முடியாதுதான். அதே சூபர்வைசர் மறுநாள் ஷெட்டில் பைப் ஸ்பூல்களை (முன்கூட்டியே வெல்டிங் செய்துவைக்கிற பைப் துண்டுகள்) எந்த வரிசையில் முடிக்கலாம் என்று ஃபிட்டரைக் கேட்காமல் முடிவு பண்ணினால், தேவையில்லாமல் நாலு தடவை கிரேன் நகரும்.

ஆக, சூழ்நிலைதான் முக்கியம். இது வரைக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் ஃபீட்லர் என்ற ஆய்வாளரும், ஹெர்சி-பிளான்சர்ட் என்ற ஜோடியும் எதிரெதிர் திசையில் போகிறார்கள்.

ஃபீட்லர் (1960-களில் எழுதியவர்) சொல்வது: மனுஷன் சுபாவம் லேசில் மாறாது, அதனால் ஆளுக்கேற்ற இடத்தைக் கொடு, இல்லை இடத்தைத் திருத்து. 'உங்களுக்குச் சேர்ந்து வேலை செய்யவே பிடிக்காத ஆள் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்து நீங்கள் வேலைப் பக்கமா உறவுப் பக்கமா என்று அளப்பார். பிறகு மூன்று விஷயம் பார்ப்பார்: ஆட்கள் உங்களை நம்புகிறார்களா, வேலை தெளிவாக இருக்கிறதா, உங்கள் கையில் அதிகாரம் இருக்கிறதா. மூன்றும் நன்றாக இருந்தாலும் சரி, மூன்றுமே படுமோசமாக இருந்தாலும் சரி, வேலைப் பக்கம் சாய்கிறவர் ஜெயிப்பார். நடுவாந்திரமான நிலையில் உறவுப் பக்கம் சாய்கிறவர்.

ஹெர்சியும் பிளான்சர்டும் 1969-இல் சொன்னது நேர் எதிர்: நீ மாறு. ஆள் புதுசு என்றால் சொல்லிக்கொடு, கொஞ்சம் தேறினால் புரியவை, பிறகு கூட நில், கடைசியில் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடு.

இரண்டையும் ஒரே ஷெட்டில் வைத்துப் பாருங்கள். புது சூபர்வைசர், கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள். டிராயிங் தெளிவு. வெல்டர்கள் 6ஜி டெஸ்ட் பாஸ் ஆனவர்கள், அதாவது பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவைத்தாலும் சுற்றிலும் போட்டுவிடுவார்கள். சம்பளம் போடுவதும் ஆளை நிறுத்துவதும் கான்ட்ராக்டர், இவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆட்களுக்கு இவர்மேல் நம்பிக்கையும் இன்னும் வரவில்லை. ஹெர்சி-பிளான்சர்ட் கணக்குப்படி ஆட்கள் தேர்ந்தவர்கள், ஒப்படைத்துவிட்டு ஒதுங்கணும். ஃபீட்லர் கணக்குப்படி இது நடுவாந்திர நிலை, உறவுப் பக்கம் சாய்கிற ஆளைத்தான் இங்கே போடணும்: போய்ப் பழகுவார், டீ குடிப்பார், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்வார். இங்கே என் ஓட்டு ஃபீட்லருக்கு. முதல் வாரமே ஒதுங்கி நிற்கிற புது ஆளை இந்த ஊரில் யாரும் 'நம்மை நம்புகிறார்' என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், திமிர் பிடித்தவன் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் ரூட் கேப் (இரண்டு பைப் முனைக்கு நடுவே விடுகிற இடைவெளி) எவ்வளவு விடணும் என்று தெரியாமல் டேக் (முழு வெல்டிங்குக்கு முன் பிடித்துவைக்கிற சின்ன வெல்டு) அடிக்கிற புதுப் பையனுக்கு ஹெர்சி-பிளான்சர்ட்தான். ஆய்வுகளில் அந்தக் கோட்பாடு ஓரளவு தாக்குப்பிடித்ததும் புது ஆட்கள் விஷயத்தில்தான். இன்னொன்றையும் அவர்கள் சரியாகப் பிடித்தார்கள்: தேர்ச்சி என்பது ஆளுக்கு இல்லை, வேலைக்கு. எக்ஸ்ரேயில் ஒரு ஜாயின்ட்கூட ரிஜெக்ட் ஆகாத வெல்டரைத் தூக்கி சார்ஜ்மேன் (வெல்டர்களுக்கு மேலே இருந்து வேலை வாங்குகிறவர்) ஆக்கினால், ஆள் மேய்க்கிற வேலையில் அவர் மறுபடி கத்துக்குட்டி. பதவி கொடுத்த கையோடு தனியே விட்டுவிடுகிற கம்பெனிகள் ஒரு நல்ல வெல்டரையும் இழக்கின்றன, ஒரு சார்ஜ்மேனும் கிடைப்பதில்லை.

அடுத்த ஜோடி: கொடுக்கல் வாங்கல் தலைமை, மாற்றம் உண்டாக்கும் தலைமை. 1978-இல் பர்ன்ஸ் என்ற அறிஞர் அரசியலை வைத்துப் பிரித்தார், 1985-இல் பெர்னார்ட் பாஸ் என்ற ஆய்வாளர் அதைக் கம்பெனிகளுக்குக் கொண்டுவந்தார். முதலாவதில் வேலைக்குக் கூலி, தப்புக்கு மெமோ. இரண்டாவதில் தொழிலாளியின் நோக்கமே மாறுகிறது. எனக்கு இதில் உடனே நினைவுக்கு வருவது பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது மாதிரியான குறைகளைக் கேட்டது மேனேஜர் இல்லை, கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார். அவரும் ராமானுஜலு நாயுடுவும் தியாசபிகல் சொசைட்டியில் இருந்த பி.பி.வாடியாவை அழைத்துவர, 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் உள்ளே வந்தார். மில் சம்பளப் பட்டியலிலேயே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கான ஆட்களின் எண்ணத்தை மாற்றினார்கள். அதே மில்லில் 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிளந்து, அது புளியந்தோப்புக் கலவரத்தில் போய் நின்றது. உணர்ச்சியால் சேர்ந்த கூட்டத்துக்குக் கூலி நின்ற மாதங்களில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பாஸும் இரண்டாவது வகை முதலாவதன்மேல் கட்டப்படுவது என்றுதான் சொல்கிறார். சம்பளம் 7-ஆம் தேதி வராத கம்பெனியில் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று பேசினால் பின்வரிசையில் சிரிப்பார்கள்.

சேவைத் தலைமையை (தலைவன் முதலில் ஆட்களுக்குச் சேவை செய்கிறவன் என்பது; அமெரிக்க டெலிபோன் கம்பெனி ஏ.டி. அண்ட் டி.யில் வேலை பார்த்த கிரீன்லீஃப், 1970) நான் தனிக் கோட்பாடாகவே எடுக்க மாட்டேன். நல்ல மனசு, ஆனால் எந்த நேரத்தில் எதைச் செய் என்று சொல்லாது.

கடைசியாக நம் நாட்டுச் சரக்கு: உளவியலாளர் ஜே.பி.பி.சின்ஹா, 1980. இந்திய ஆட்கள் மேலே இருப்பவரிடம் பாசமும் வழிகாட்டலும் எதிர்பார்க்கிறார்கள்; வேலை செய்தால் பாசம் கிடைக்கும் என்று தலைவர் காட்டணும், தேறத்தேறக் கலந்து பேசுகிற பாணிக்கு நகரணும் என்றார். வடசென்னை ஷெட்டுக்கு இதுதான் ரொம்ப நெருக்கம், ஃபீட்லரின் பழக்கமும் ஹெர்சி-பிளான்சர்டின் படிகளும் இதில் இரண்டுமே இருக்கின்றன. ஒரே ஆபத்து, 'வேலை செய்தால்' என்கிற நிபந்தனை கழன்றுபோய் பாசம் மட்டும் மிஞ்சுவது. ஜார்ஜ் கிரேன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் தலைவர் ஒவ்வொருவரிடமும் வைக்கும் உறவைத் தனித்தனியாகப் பார்த்து, உள்வட்டம் வெளிவட்டம் என்று பிரித்துக் காட்டினார்களே, அதுதான் இங்கே 'நம்ம பையன்' ஆகிறது. அதைப் பிடிக்க எந்தக் கேள்வித்தாளும் வேண்டாம், மூணு மாச ஓ.டி. (ஓவர்டைம்) ரெஜிஸ்டரை எடுத்து ஞாயிற்றுக்கிழமை டியூட்டி யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். திரும்பத் திரும்ப அதே நாலு பேர், அவர்கள் ஜாயின்ட்டில் ரிப்பேரும் அதிகம் என்றால், சின்ஹா சொன்னது அங்கே நடக்கவில்லை.