வெஸ்ட் சைட் ஸ்டோரி (2021): அம்மாவோடு இருந்து பார்த்த டிவிடி

டொரொண்டோவில் இருக்கும் தங்கச்சி போன ஓகஸ்டில் வந்தபோது அம்மாவுக்கு முழங்காலுக்குப் பூசுகிற மருந்தும் எனக்கு ஒரு டிவிடியும் கொண்டுவந்தாள். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 2021 இல் எடுத்த வெஸ்ட் சைட் ஸ்டோரி. 156 நிமிடப் படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு போட்டோம், முடியப் பொழுதுபட்டுவிட்டது. தொடக்கக் காட்சியை மட்டும் அம்மா மூன்று தரம் போடச் சொன்னார்.

படம் இடிபாட்டில் தொடங்குகிறது. உடைத்துப் போட்ட கட்டடங்களுக்கு மேலாகக் கமெரா மெல்லப் போகிறது. இடிக்கிற இரும்புக் குண்டு சங்கிலியில் தொங்குகிறது. சேரி அகற்றல் என்று ஒரு பலகை. அந்த இடத்தில் வரப்போகும் லிங்கன் சென்டர் என்ற கலையரங்க வளாகத்தின் அழகான படமும் அதிலேயே வரைந்திருக்கிறது.

"இது எங்கட ஒழுங்கையெல்லோ" என்றார் அம்மா.

நாங்கள் கொழும்பு கொம்பனித்தெருக்காரர். எங்கள் ஒழுங்கையை உடைத்த அன்று வீட்டின் பின்சுவர் மட்டும் பாதி நின்றது. அதில் அம்மாவின் சாமி மாடம். நாற்பது வருச விளக்குப் புகை படிந்த கறுப்பு, முதல் முறையாக வெயிலில் தெரிந்தது. அங்கேயும் ஒரு பலகை வைத்திருந்தார்கள். மரங்கள், நீரூற்று, கையில் பையோடு சிரித்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண். எங்களில் ஒருவரும் அந்தப் படத்தில் இல்லை. இப்போது தெமட்டகொடையில் எட்டாம் மாடியில் இருக்கிறோம்.

1961 இல் வந்த பழைய படத்தை அம்மா பெட்டையாக இருந்த காலத்தில் கொழும்பில் தியேட்டரில் பார்த்தவர். அதன் தொடக்கக் காட்சியில் ஒரு பகுதியை, இடிபடக் காத்திருந்த அதே நியூயோர்க் தெருக்களில்தான் எடுத்தார்கள். ஆனால் அந்த வீடுகள் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன என்று படம் சொல்லவில்லை. புதிய படம் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. இரண்டு கூட்டத்துப் பொடியன்களும் அடிபடுவது, இருவருக்குமே மிஞ்சப்போகாத ஒரு தெருவுக்காக. இது விளங்கின பிறகு அவர்களுடைய ஒவ்வொரு அடியும் எனக்கு வேறு மாதிரி வலித்தது.

கதை தெரியாதவர்களுக்கு: ரோமியோ ஜூலியட்டை நியூயோர்க் தெருவுக்குக் கொண்டுவந்து, ஏழை வெள்ளைக்காரப் பொடியன்களுக்கும் புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் இருந்து வந்தவர்களுக்கும் நடுவில் வைத்த இசை நாடகம். 1957 இல் மேடையேறியது. லெனார்ட் பேர்ன்ஸ்டைனின் இசை, ஸ்டீவன் சொண்ட்ஹைமின் பாட்டு வரிகள். இசையில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதை ஆக்கிய நான்கு பேரில் ஒருவர்கூடப் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் இல்லை. பழைய படத்தில் புவேர்ட்டோ ரிக்கோக் கதாநாயகி மரியாவாக நடித்தவர் நத்தலி வூட், முகத்துக்கு மண்ணிறம் பூசி. மரியாவின் அண்ணனுடைய காதலி அனிட்டாவாக நடித்த, உண்மையிலேயே அந்தத் தீவில் பிறந்த ரீட்டா மொரேனோவுக்கும் கூட இன்னும் கறுக்கப் பூசினார்கள். அந்தப் படத்துக்குப் 10 ஒஸ்கார்.

இப்படிப்பட்ட ஒன்றை இன்றைக்குத் திரும்ப எடுக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியோடுதான் நான் உட்கார்ந்தேன்.

புதியதில் புவேர்ட்டோ ரிக்கோக் கூட்டம் முழுக்க லத்தீன் அமெரிக்க வழி வந்த நடிகர்கள். அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது மொழி. அவர்கள் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிறார்கள், அதற்கு ஆங்கில சப்டைட்டில் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எனக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் ஒன்றும் விளங்காமல் போகவில்லை. அனிட்டா நிமிடத்துக்கு ஒருதரம் "இங்கிலீஷில் பேசு" என்று வீட்டாரை அதட்டுகிறாள். 1983 கலவரத்துக்குப் பிறகு பல காலம், பஸ்ஸில் ஏறமுதல் அம்மா எங்கள் காதில் சொன்னது "வாயைத் திறக்காதைங்கோ" என்பதுதான். அனிட்டாவின் அதட்டலுக்குள் இருக்கிற பயம் எனக்கு உடனே பிடிபட்டது. அதே ஆட்கள் பொலிஸ்காரருக்கு முன்னால் தங்கள் விடுதலைப் பாட்டைப் பாடிக்கொண்டு நடந்து போகும்போது அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

'அமெரிக்கா' பாட்டு பழைய படத்தில் இரவில் மொட்டை மாடியில் நடக்கும். இப்போது பட்டப்பகலில் தெருவில், பிள்ளைகளும் கடைக்காரரும் சேர்ந்து ஆடுகிறார்கள். நல்லாயிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது மரியா தன் அழகைத் தானே மெச்சிப் பாடும் பாட்டை. பழைய படத்தில் அது இரண்டு கூட்டமும் மோதும் சண்டைக்கு முன்னால் வரும், வெறும் விளையாட்டு. இதில் மேடையில் இருந்த இடத்துக்கே, சண்டைக்குப் பின்னால், திருப்பி வைத்திருக்கிறார்கள். மரியா ஒரு பெரிய கடையில் இரவில் துப்புரவு வேலை செய்யும் பெட்டை. வாங்க முடியாத உடுப்புகளுக்கும் கண்ணாடிகளுக்கும் நடுவே துள்ளித் திரிகிறாள். சண்டையில் அண்ணன் செத்துப்போனது எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒரு வரியும் புதிதாக எழுதாமல், பாட்டின் இடத்தை மட்டும் மாற்றி, நெஞ்சைக் கசக்கிவிட்டார்கள்.

அடுத்து, வேறொரு கடைக்குள் அனிட்டாவை வெள்ளைக்காரப் பொடியன்கள் சூழ்கிற காட்சி. இதை வெட்டிவிட்டிருக்கலாம், அப்படி எதிர்பார்த்தவர்களும் இருப்பார்கள். வெட்டவில்லை. நடனமாக்கி மழுப்பவும் இல்லை. அந்தக் கூட்டத்துப் பெட்டைகளே தடுக்கப் பார்க்கிறார்கள், அவர்களை வெளியே தள்ளிக் கதவை அடைக்கிறார்கள். கடைசியில் வந்து நிறுத்துபவர் கடைக்காரக் கிழவி வலண்டீனா. நடித்தவர் அதே ரீட்டா மொரேனோ, 1961 இல் அனிட்டாவாக அந்தக் காட்சியைத் தன் உடம்பில் தாங்கியவர். அவர் பொடியன்களைப் பார்த்து, செய்ய வந்த குற்றத்தின் பெயரைச் சொல்லியே அழைக்கிறார். படம் முழுக்க அமெரிக்காவைக் கொண்டாடிய அனிட்டா, தான் புவேர்ட்டோ ரிக்கோக்காரி என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். அரியானா டிபோஸுக்கு இந்தப் பாத்திரத்துக்காக ஒஸ்கார் கிடைத்தது. மொரேனோவுக்கும் கிடைத்தது இதே பாத்திரத்துக்குத்தான்.

எனக்குச் சரிவராத இடம் ஒன்று உண்டு. அண்ணனைக் கொன்ற காதலன் டோனியை மரியா அன்றிரவே ஏற்றுக்கொள்கிறாள். டோனி முன்பு ஒருவனைச் சாகும் அளவுக்கு அடித்துச் சிறை போனவன் என்று திரைக்கதை எழுதிய டோனி குஷ்னர் புதிதாகச் சேர்த்திருக்கிறார். அது டோனியை விளங்கவைக்கிறது, மரியாவை இல்லை. அந்த அறையில் அவளுக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்க வேண்டும்.

நான் பாடசாலையில் நாடகம் பழக்குகிறவள் என்பதால் இது எனக்கு வெறும் படம் இல்லை. தமிழ்த்தினப் போட்டிக்கு அரிச்சந்திரன் மயான காண்டம் பழக்கியபோது பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், விற்கேக்க சந்திரமதி ஒண்டுமே சொல்லேல்லையா?" நான் அன்று மழுப்பினேன். இந்த முறை ஒரு வரியும் வெட்டப்போவதில்லை. பிள்ளையின் உடலோடு சுடலைக்கு வந்து நிற்கும் சந்திரமதிக்கு, அரிச்சந்திரன் கூலி கேட்கமுதல், மேடையில் தனியே நிற்க ஒரு விருத்தம் கொடுக்கப்போகிறேன். மெட்டும் பார்த்துவிட்டேன்.

வாங்குவதென்றால் டிவிடியாக வாங்குங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். எங்கள் டிவிடி இப்போது ஏழாம் மாடி மலே அக்கா வீட்டில் இருக்கிறது. அவவும் கொம்பனித்தெருதான். முதல் காட்சியோடு நிறுத்திவிட்டு மேலே ஏறிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனா.