கோக்விஹாலாவா, கேன்யனா, ஹோப்-பிரின்ஸ்டனா: பனிக்காலத்துல எந்த ரோடு?

கனடாவுல வான்கூவர் பக்கத்துல இருந்து கேம்லூப்ஸோ கெலோனாவோ போகணும்னா ஹோப் வரைக்கும் யோசிக்க ஒண்ணும் இல்ல. அங்க தான் மூணா பிரியும். ஃப்ரேசர் நதி பள்ளத்தாக்கை ஒட்டி வடக்க போற பழைய ஹைவே 1, அதாவது கேன்யன்; நேரா மலையேறுற ஹைவே 5, அதாவது கோக்விஹாலா; மேனிங் பார்க் வழியா பிரின்ஸ்டன் போற ஹைவே 3, அதாவது ஹோப்-பிரின்ஸ்டன். கோடையில யாரும் இதைப் பத்தி பேசவே மாட்டாங்க, 5-ஐ பிடிச்சு போய்ட்டே இருப்பாங்க. நவம்பர் வந்தா தான் ஆளாளுக்கு அட்வைஸ். "5 பக்கமே போகாதீங்க, கேன்யன் தாழ்வான ரோடு, பனி கம்மி"ங்கறது அதுல ரொம்ப ஃபேமஸ். நான் ரெண்டையும் பனிக்காலத்துல ஓட்டிட்டேன், இப்ப என் ஓட்டு 5-க்கு தான், அதுவும் கண்ணை மூடிக்கிட்டு இல்ல, சில கண்டிஷனோட.

டயர் விஷயத்தை சட்டுனு முடிச்சுடறேன். மூணு ரோட்டுக்குமே அக்டோபர் 1-ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் விண்டர் டயர் கட்டாயம், த்ரெட், அதாவது டயர் பள்ளத்தோட ஆழம், குறைஞ்சது 3.5 மி.மீ. இருக்கணும். எம் பிளஸ் எஸ் (சேறு, பனிக்குன்னு குறி) போட்ட டயரும் சட்டப்படி ஓகே தான், ஆனா மலைப் படத்துக்குள்ள பனிச்செதில் போட்ட டயர் இல்லாம நான் போக மாட்டேன், 7 டிகிரிக்கு கீழ போனாலே சாதா டயர் ரப்பர் விறைச்சுப் போயிடும். இது எந்த ரோட்டுக்கும் பொது, அதனால ஒப்பீட்டுல இதுக்கு மேல இடம் தரல.

இப்ப உயரம். பேப்பர்ல பாத்தா 5 தான் மோசம், அதுல சந்தேகமே இல்ல. ஹோப் கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருக்கு, அங்க இருந்து சுமார் 50 கி.மீ.ல 1,244 மீட்டர் உயரத்துல இருக்கற கோக்விஹாலா சம்மிட் வரைக்கும் ஏறணும். பசிபிக்ல இருந்து வர்ற ஈரக்காத்து முட்டுற மலை இது, அதனால ஹோப்ல சாதாரண மழையா இருக்கறது பாதி ஏத்தத்துல சொதசொதன்னு ஆகி, கிரேட் பேர் பனிக்கூரைக்குள்ள (பனிச்சரிவு விழாம ரோட்டு மேல கட்டின கூரை) நுழையும்போது ஒரு மாதிரி, வெளிய வரும்போது வெள்ளையா வேற மாதிரி இருக்கும். கூரைக்குள்ள ரோடு தெளிவா இருக்கேன்னு கால் கொஞ்சம் அழுத்தும் பாருங்க, அங்க தான் கவனம் வேணும். அடுத்த ஊரான மெரிட் தாண்டி கேம்லூப்ஸ் போறவங்களுக்கு இன்னொண்ணு, கோக்விஹாலா சம்மிட் தான் உச்சின்னு நினைச்சு நிம்மதி ஆயிடாதீங்க, மெரிட்டுக்கும் கேம்லூப்ஸுக்கும் நடுவுல சர்ரே லேக் சம்மிட் 1,440 மீட்டருக்கு மேல இருக்கு. பேர் போனது ஒண்ணு, உயரம் இன்னொண்ணு.

கேன்யன்ல இந்த ஏத்தம் கிடையாது, ஜாக்கஸ் மவுண்டன்னு ஒரு ஏத்தம் தான் பெருசு. பனி அளவு குறைவுங்கறது உண்மை தான். ஆனா பனி எவ்வளவு கொட்டுதுங்கறதை விட ரோட்டுல என்னவா கிடக்குதுங்கறது தான் முக்கியம். தாழ்வான பள்ளத்தாக்குல வெப்பநிலை ஜீரோவை சுத்தியே ஏறி இறங்கிட்டு இருக்கும், பகல்ல உருகி ராத்திரி உறையும். உள்நாட்டுல இருந்து வர்ற குளிர்காத்து கீழ தேங்கி நிக்க, மேல கடல் பக்கத்து சூடான ஈரக்காத்து வந்தா உறைமழை, அது விழுந்த எடத்துலயே கண்ணாடி மாதிரி உறைஞ்சுடும். நல்ல டயரோட மைனஸ் எட்டுல அமுக்கி இறுகின பனி மேல ஓட்டிடலாம், ஜீரோ டிகிரி ஈர ஐஸ் மேல எந்த டயரும் பெருசா கைகொடுக்காது. இது போக உறைஞ்சு உருகுற பாறையில இருந்து கல்லு விழும், ஏழு சுரங்கம் இருக்கு, பாதி தூரத்துக்கு மேல ரெண்டே லேன், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் நதி, எதிர்ல ட்ரக். 5-ல நாலு லேன், எதிர் டிராஃபிக் பெரும்பாலும் தனியா பிரிஞ்சு இருக்கும், நாம சறுக்கினாலும் எதிர் வண்டி மேல போய் விழற பயம் குறைவு. தூரமும் கேம்லூப்ஸுக்கு 5-ல சுமார் 70 கி.மீ. கம்மி. 1986-ல வான்கூவர் எக்ஸ்போ கண்காட்சிக்காக அவசர அவசரமா முடிச்சு, 2008 வரைக்கும் காருக்கு 10 டாலர் டோல் வாங்கின ரோடு, இப்ப ஓசி.

இதெல்லாம் கூட எனக்கு ரெண்டாம்பட்சம். நான் 5-ஐ எடுக்கற ஒரே பெரிய காரணம் தகவல். கிளம்பறதுக்கு முன்னாடியே அந்த ரோடு எப்படி இருக்குன்னு கிட்டத்தட்ட முழுசா பாத்துட முடியுது. டிரைவ்பிசி-ல (ரோடு நிலவரம் காட்டுற அரசு வெப்சைட்) பாக்ஸ் கேன்யன், ஜோப்கியாஸ், சம்மிட், லார்சன் ஹில்னு வரிசையா கேமரா. வானிலை சொல்ற என்விரான்மென்ட் கனடா ஹோப்-மெரிட் பகுதிக்குன்னே தனியா பனி எச்சரிக்கை விடறாங்க, அதாவது ஹோப் ஊருக்கான வானிலை இல்ல, மலை மேலுக்கானது. 5-ல போர்ஷியாங்கற இடத்துல இருந்து பழைய டோல் பிளாசா வரைக்கும் வேக வரம்பை கண்டிஷனுக்கு ஏத்த மாதிரி மாத்துற எலக்ட்ரானிக் போர்டு. போர்டுல 120 இல்லாம 60 எரிஞ்சா மேல என்ன நடக்குதுன்னு போகாமலே தெரிஞ்சுடும், அது அறிவுரை இல்ல, அந்த நேரத்து சட்ட வேகமே அது தான்.

கேமராவை பாக்கறதுலயும் ஒரு வித்தை இருக்கு. முதல்ல படத்துல இருக்கற நேரத்தை பாருங்க, பழைய படமா இருந்தா அதை நம்பாதீங்க. அப்புறம் வலது லேனை மட்டும் பாக்காம இடது லேனையும் பாருங்க, வலதுல கறுப்பா ரெண்டு சக்கரத்தடம் தெரிஞ்சு இடது முழுக்க வெள்ளையா இருந்தா ஓவர்டேக் பண்ற ஆசையை வீட்லயே வெச்சுட்டு போகணும். ரோடு கறுப்பா பளபளன்னு இருந்து பக்கத்துல வெப்பநிலை மைனஸ் ஒண்ணு, ரெண்டுன்னு காட்டினா அது ஈரமா ஐஸான்னு கேமராவால சொல்ல முடியாது. அப்ப நான் பாக்கறது ட்ரக்கை. டயருக்கு பின்னாடி தண்ணி புகை மாதிரி கிளம்பினா ஈரம், ஒண்ணுமே கிளம்பலன்னா எனக்கு சந்தேகம் தான். கடும் குளிர்ல, மைனஸ் பத்துக்கு கீழ போனா உப்பு சரியா வேலை செய்யாது, மணல் தான் தூவுவாங்க, அதையும் மனசுல வெச்சுக்கணும்.

கேன்யன்லயும் கேமரா இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா தூரத்துக்கு அது பத்தாது, ரெண்டு கேமராவுக்கு நடுவுல எத்தனையோ வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நிழல், ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு ஐஸ். செல் சிக்னலும் விட்டு விட்டு தான் வரும்.

இப்ப 5 மேல இருக்கற பெரிய குத்தத்துக்கு வரேன், அடிக்கடி மூடுவாங்க. உண்மை. ஒரு ட்ரக் குறுக்க திரும்பினா மூடும், பனிச்சரிவை வெடி வெச்சு இறக்கறதுக்கு மூடும். ஹோப்புக்கும் மெரிட்டுக்கும் நடுவுல பெட்ரோல் பங்க் கிடையாது, பிரிட்டன் க்ரீக்ல கழிப்பறை இருக்கு, மாட்டினா மாட்டினது தான். அதனால டேங்க் முழுசா, போர்வை, தண்ணி, வைப்பர் திரவம் ஒரு கேன் எக்ஸ்ட்ரா (ட்ரக் அடிக்கற உப்புச்சேறுக்கு ஒரு கேன் எல்லாம் சீக்கிரம் காலி). கேன்யன்ல பாஸ்டன் பார், ஸ்பென்ஸஸ் பிரிட்ஜ்னு நடுநடுவுல ஊர் இருக்கறது நிஜமான ப்ளஸ், அதை மறுக்க மாட்டேன்.

ஆனா "5 மூடினா கேன்யன்ல போயிடலாம்"ங்கற கணக்கு தான் இடிக்குது. 5 மூடற அதே புயல் தான் கேன்யன் மேலயும் நிக்குது. அதோட 5-ல போக வேண்டிய அத்தனை ட்ரக்கும் அந்த ரெண்டு லேன் ரோட்டுக்குள்ள திரும்பும். கேன்யன் காலியா இருக்கற நாள்ல நமக்கு அது தேவையே இல்ல, தேவைப்படற நாள்ல அது காலியா இருக்காது. 2021 நவம்பர் வெள்ளத்துல பாத்தோமே, மூணு ரோடும் ஒரே நேரத்துல அறுந்துச்சு, 5-ல ட்ரக் போக டிசம்பர் 20 ஆச்சு, கார் போக அடுத்த ஜனவரி 19. அது அபூர்வம் தான், ஆனா தினசரி அளவுல சின்னதா அதே கதை தான் ஒவ்வொரு பெரிய பனிக்கும் நடக்குது.

கெலோனா போறவங்களுக்கு மெரிட்ல இன்னொரு முடிவு இருக்கு. அங்க இருந்து ஹைவே 97 சி, அதுல பென்னாஸ்க் சம்மிட் 1,728 மீட்டர், கோக்விஹாலாவை விட கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம். அங்க ஈரம் குறைவு, குளிரும் காத்தும் அதிகம், பொடிப்பனி ரோட்டு மேல பறக்கும். அதனால மெரிட்ல நிறுத்தி அதோட கேமராவை தனியா பாத்துட்டு ஏறுறது என் வழக்கம்.

3-ஐ பத்தி நான் நிறைய பேச தகுதி இல்லாதவன், பனிக்காலத்துல அதுல ஓட்டினது குறைவு. அலிசன் பாஸ் 1,342 மீட்டர், அதாவது 5-ஐ விட கொஞ்சம் உயரம், வளைவு அதிகம், பல இடத்துல ரெண்டு லேன். 1965 ஜனவரியில மலையே சரிஞ்சு ரோட்டை புதைச்ச ஹோப் ஸ்லைடு இந்த ரோட்டுல தான். பிரின்ஸ்டன், ஓசோயூஸ் போறவங்களுக்கு அது தான் வழி, கெலோனா போறவங்க அதை ஏன் எடுக்கணும்னு எனக்கு புரியல. ட்ரெய்லர் இழுத்துட்டு போறதும் எலக்ட்ரிக் கார்ல குளிர்ல ஏறுறதும் எனக்கு பழக்கம் இல்ல, ஏத்தத்துல பேட்டரி வேகமா இறங்கும்னு தெரியும், அதுக்கு மேல அதை ஓட்டுறவங்ககிட்ட கேளுங்க.

5 மூடி இருந்தா நான் என்ன பண்றேன்னா, ஹோப்ல நிறுத்தி டிரைவ்பிசி-ல அடுத்த அப்டேட் எத்தனை மணிக்குன்னு பாக்கறேன். அந்த நேரம் தாண்டின பிறகும் திறக்கற நேரம் போடலன்னா ரூம் தேடிடுவேன், எட்டு மணிக்கு மேல தேடினா ட்ரக் டிரைவர்களோட போட்டி போடணும்.