சுண்ணாம்பா, எமல்ஷனா: இரண்டு அறை அடித்துப் பார்த்ததில்

ஹட்டன் பக்கம் எங்கள் வீட்டு முன் அறைக்கு எமல்ஷன் என்கிற, தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்; பின் அறைக்குச் சுண்ணாம்பு. போன தீபாவளிக்கு இரண்டையும் நானே அடித்தேன். சுண்ணாம்புதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. ஆனாலும் இன்னொரு அறை அடிப்பதானால் எமல்ஷன்தான் வாங்குவேன்.

காரணம், வழிவது. சுண்ணாம்புப் பாலை முகட்டுக்குக் கிட்ட அடித்தபோது பிரஷ் பிடி வழியாக முழங்கை வரை இறங்கியது. காரம் வேறு, கண்ணில் பட்டால் ஆபத்து. கொஞ்சம் அசந்தால் வாளியின் அடியில் மண்டி, மேலே வெறும் தண்ணீர்.

எமல்ஷன் டின்னைத் திறந்தால் தயிர் மாதிரி உறைந்து கிடக்கும். உள்ளே இருக்கும் நுண்துகள்களும் அதில் சேர்த்த கெட்டியாக்கியும் ஒன்றையொன்று பற்றி வலையாகப் பின்னியிருக்கின்றன. அதனால் அடியில் சட்டென்று படியாது. பிரஷால் இழுத்தால் வலை அறுந்து இளகும். கையை எடுத்தால் மெல்ல மறுபடி பின்னிக்கொள்ளும். அந்த 'மெல்ல'வில்தான் சூட்சுமம்: பிரஷ் கோடுகள் சமமாகும் அளவுக்கு நேரம் கிடைக்கிறது, வழிந்தோடும் அளவுக்குக் கிடைப்பதில்லை. பெயின்ட் சாதாரண திரவமல்ல, ஓரளவு விசை கொடுத்த பிறகே நகரும் என்று அமெரிக்க வேதியியலாளர் யூஜின் பிங்காமும் அவரோடு ஹென்றி கிரீனும் 1919இலேயே எழுதிவிட்டார்கள்.

எனக்கு அது தெரியாமல், கட்டியாக இருக்கிறதே என்று முதல் டின்னில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அதுவும் சுண்ணாம்பு மாதிரியே ஓடியது. பக்கத்து வீட்டு மேசன் மாமா பார்த்துவிட்டு, "தம்பி, மொதல்ல நல்லா கலக்கிப் பாருங்க, தண்ணி பொறவு பார்ப்போம்" என்றார். இரண்டாவது டின்னைக் கலக்கியதிலேயே பாதி இளகிவிட்டது.

சுண்ணாம்புக்கும் இந்தக் குணம் உண்டு. ஊறிய களியைக் குத்திப் பிசைந்தால் வெண்ணெய் போல இளகும். பாலாக்க நாம் ஊற்றும் தண்ணீர் துகள்களைத் தூரத் தள்ளிவிடுவதால்தான் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. தடிப்பாகவே அடித்தாலோ, காய்ந்ததும் வெடித்து உதிரும்.

ஈரச் சுவர் என்று வந்தால் என் கட்சி மாறும். மண்மேட்டை ஒட்டிய பின்சுவரில் ஓதம் ஏறுகிறது. எமல்ஷனின் தோல் அந்த ஈரத்தை அடைத்துக் கொப்புளிக்கும்; சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். முன் அறை ஒரு தென்மேற்குப் பருவமழையைத்தான் தாண்டியிருக்கிறது, ஐந்து வருடம் தாங்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

பின்சுவருக்கு அடுத்த முறையும் சுண்ணாம்புதான். முழுக்கைச் சட்டையோடு.